சாப்பாட்டுப் பட்டை

நூற்று எண்பதாவது தட்டில் சோறு விழுந்ததும் அவள் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். இன்னும் அறுபது தட்டு இருந்தது. வலது தோள்பட்டைக்கு நூற்று எண்பதுக்கு மேல் எண்ணத் தெரியாது. பதினோரு வருடமாக அப்படித்தான். ஆலைக் கான்டீனில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால் வரிசை தொடங்கும், ஒன்றேகாலுக்கு முடியும். பிறகு அண்டா, தட்டு, தரை. சமையல்காரர்கள் வாயில் சோறு வைக்க மணி மூன்றாகிவிடும். நாற்காலி இல்லாமல் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்பதால் ஐந்து பேரும் மேடை ஓரமாக நின்றே சாப்பிட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு நின்று சாப்பிடும்போது பக்கத்தில் பாத்திரம் கழுவுகிறவள் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பார்க்குக்குப் போறீங்களாமே, சாப்பாட்டுக்கு என்னக்கா பண்ணப்போறீங்க?"

"தெரியலடி. நுழையறதுக்குத்தான் ஓசி. சாப்பாடு நம்ம கைக்காசு."

"முன்கூட்டியே பணம் கட்டினா கையில ஒரு பட்டை கட்டிவிடுவாங்கக்கா. மதியம், சாயங்காலம், ராத்திரி, மூணு வேளை. போனா தட்டுல போட்டுத் தருவாங்க. உக்காந்து சாப்பிட்டுட்டு எழுந்து வந்துக்கிட்டே இருக்கலாம். தட்டைக்கூட அவங்களே எடுத்துடுவாங்க."

"உக்காந்தா?"

"உக்காந்துதான்."

வீட்டுக்குப் போகிற பேருந்தில், நின்றுகொண்டே, அவள் அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டு வந்தாள்.

இலவசச் சீட்டு வந்த கதை இது. அவள் கணவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் புதிதாகக் கட்டிய நான்கு கழிப்பறைகளுக்குத் தரையும் சுவரும் அவர் கைவேலை. வேலை முடிந்த அன்று ஒப்பந்தக்காரர் எல்லோரையும் வெயிலில் நிறுத்தி, நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று அரை மணி நேரம் பேசினார். பேச்சின் நீளத்தைப் பார்த்தே போனஸ் கிடையாது என்று அனுபவசாலிகள் புரிந்துகொண்டார்கள். பேச்சு முடிந்ததும் ஆளுக்கு நான்கு நுழைவுச் சீட்டு கொடுத்தார். வீட்டில் கணவன், மனைவி, எட்டாவது படிக்கும் மகள் என்று மூன்று பேர். நான்காவது சீட்டு அவளுடைய அண்ணனுக்கு.

அண்ணன் எடைமேடையில் எழுத்தர். லாரி சரக்கோடு ஏறும்போது ஒரு தடவை, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை எடை பார்த்துச் சீட்டுக் கிழிப்பது வேலை. இருபது வருடமாக எதையும் எடை போட்டே பழகியதால், உலகத்தில் எடை போடத் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணக்குப் பார்த்ததில் கட்டுப்படியாகவில்லை என்று அவரே சொல்லுவார். பெண் வீட்டாரும் அதே கணக்கைப் பார்த்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தபோது அவள் வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பணம் கட்ட மறுநாள் மதியம் வரைதான் கெடு.

"யாரும் உணர்ச்சிவசப்படக் கூடாது" என்று அண்ணன் பேனாவைத் திறந்தார். யாரும் உணர்ச்சிவசப்படவில்லை. மகள் மட்டும் கொட்டாவி விட்டாள். "எந்தத் திட்டத்தையும் ரெண்டு தட்டுல வச்சுப் பாக்கணும். இந்தப் பக்கம் பார்க் சாப்பாடு. அந்தப் பக்கம் வீட்டுச் சாப்பாடு."

"வெளிச் சாப்பாட்டை உள்ள விடமாட்டாங்களே மச்சான்" என்றார் டைல்ஸ்காரர்.

"சீட்டுக்குப் பின்னாடி படிச்சீங்களா மாப்பிள்ளை? படிச்சிருக்க மாட்டீங்க. வண்டி நிறுத்துற இடத்துல கூரை போட்டிருக்கான். கையில முத்திரை குத்திக்கிட்டு வெளிய வந்து சாப்பிட்டுட்டு மறுபடி உள்ள போகலாம். மூணு வேளையும் கட்டிக்கிட்டுப் போயிடலாம்."

எடைச்சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதத் தொடங்கினார். பார்க் பக்கத்தில் ஒரே வரிதான்: நான்கு பட்டை. அது அவளுடைய மூன்று நாள் கூலி. வீட்டுப் பக்கத்தில் அரிசி, காய், முட்டை, எண்ணெய், கேஸ் எல்லாம் வரிசையாக இறங்கின. முட்டையை மட்டும் இரண்டு முறை அடித்துத் திருத்தினார். கடைசியில் தண்ணீர் பாட்டிலுக்குப் பழைய பாட்டிலே போதும் என்று ஒரு சுழி போட்டு, அடியில் இரட்டைக் கோடு இழுத்தார். மொத்தம் முக்கால் நாள் கூலியைத் தாண்டவில்லை.

"ஆகவே" என்றார். அவர் 'ஆகவே' என்றால் எழுந்து நிற்பது வழக்கம். "பொருளாதார அடிப்படையில் பார்த்தால் இந்தப் பட்டைத் திட்டம் சாமானியனைச் சுரண்டுவதற்கான ஏற்பாடு. நாம ஏமாற மாட்டோம். வீட்டுலேருந்து கட்டிக்கிட்டுப் போறோம்."

டைல்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதை யாரு சமைக்கிறது?" என்றாள் மகள்.

"இதென்ன கேள்வி? உங்கம்மாதான்."

"அது எந்த வரியில இருக்கு?"

"அது வரியே இல்ல பாப்பா. அது சும்மா வர்றது."

வாளியில் தண்ணீர் சலசலத்தது. அவள் இரண்டு காலையும் வெளியே எடுத்துத் துண்டால் துடைத்தாள். விரல் இடுக்கெல்லாம் நிதானமாகத் துடைத்தாள்.

"அண்ணே, உன் தொழில்ல ஒரு சந்தேகம்."

"கேளு, கேளு."

"சரக்கோட லாரி மேடையில ஏறுது. டிரைவர் வண்டிக்குள்ள இருக்கான். திரும்பி வரும்போது டிரைவர் கீழ இறங்கி நிக்கிறான். சீட்டுக் கிழிப்பியா?"

"அதெப்படி?" அண்ணனுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "ரெண்டு தடவையும் உள்ள இருக்கணும், இல்ல ரெண்டு தடவையும் வெளிய நிக்கணும். ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கினா அது எடை இல்ல, திருட்டு. இதுக்காகவே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

"பார்க் பக்கத்துல சமையல்காரன் கூலியைச் சேத்துத்தானே பட்டைக்கு விலை போட்டிருக்கான்?"

"ஆமா."

"வீட்டுப் பக்கத்துல டிரைவர் எங்கண்ணே?"

டைல்ஸ்காரர் பக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றப் பார்த்தார். முடியவில்லை.

"இந்தா தங்கச்சி, குடும்பத்துக்குள்ள கூலியா?"

"கூலி யாரு கேட்டா? எழுதத்தானே சொல்றேன். நீ எழுதுடி" என்று மகளிடம் பேனாவைத் தள்ளினாள். "சமையல் ஆள் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை. லீவு நாள்ல கூப்பிட்டா ரெண்டு மணி நேர வேலைன்னாலும் முழு நாள் கணக்கு. அதுவும் ரெண்டு மடங்கு. ஆறு மணிக்கு முன்னாடி அடுப்புப் பத்தவச்சா அதுல கால் பங்கு கூட. மூணு வேளைக்குக் கட்டணும்னா நான் நாலு மணிக்கு எழுந்திருக்கணும். போட்டுக்கோ."

மகள் போட்டாள். இரண்டரை நாள் கூலி. மேலே முக்கால். மூன்றேகால். பார்க் பக்கம் மூன்றுதான்.

"வந்து பாத்திரம் கழுவுறதை எழுதல. அது என் அன்பளிப்பு" என்றாள் அவள்.

அண்ணன் காகிதத்தைத் தூக்கி, தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தப்பு இல்லை. தொழில் தர்மம் ஒரு பக்கமும் தன்மானம் ஒரு பக்கமுமாக அவரைப் பிடித்து இழுப்பது முகத்தில் தெரிந்தது.

டைல்ஸ்காரர் மெதுவாகக் கேட்டார். "உங்க கான்டீன்ல நெசமாவே ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு மடங்கு தர்றாங்களா? எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"போர்டுல எழுதியிருக்கு."

"கையில?"

"போர்டுலதாங்க எழுதியிருக்கு. கண்ணாடி போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க. யாரும் அழிச்சிடக் கூடாதுல்ல."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "ஆகவே" என்று மறுபடி எழுந்தார். "நான் ஆரம்பத்துலேருந்தே என்ன சொல்றேன்? ரெண்டு பக்கமும் சமமா வச்சுப் பாக்கணும்னு. பாத்தாச்சு. பட்டைதான் லாபம்."

"அதுக்குத்தான் மச்சான் வேணும்கிறது" என்றார் டைல்ஸ்காரர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆறரை மணிக்கு எழுந்தாள். நாலு மணிக்கே விழிப்பு வந்தது. அடுப்பு இருக்கிற திசையைப் பார்த்து நன்றாகச் சோம்பல் முறித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பூங்கா வாசலில் நாலு பேர் மணிக்கட்டிலும் நீலப் பட்டையைப் பூட்டினார்கள். உள்ளே போனதும் டைல்ஸ்காரர் ராட்டினத்தைக் காட்டவில்லை. முதல் கழிப்பறைக்குக் கூட்டிப்போனார். ஆண்கள் பக்கம் அண்ணனும், பெண்கள் பக்கம் அம்மாவும் மகளும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூலையில் டைல்ஸ் வெட்டு ஒரு மயிரிழை பிசகவில்லை என்று சொன்ன பிறகுதான் அவர் மற்ற இடங்களுக்கு வழிவிட்டார். இன்னும் மூன்று இருக்கிறது, சாயங்காலம் பார்க்கலாம் என்றார்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கூடம் திறந்தது. கேட்கிற அளவு போடுவார்கள் என்று தெரிந்ததும் அண்ணன் களத்தில் இறங்கினார். நாலாவது கிண்ணம் சூப்போடு அவர் திரும்பி வந்தபோது டைல்ஸ்காரருக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், கோழி அங்க இருக்கு. நீங்க தண்ணியா ஏத்திக்கிட்டு இருக்கீங்க."

"எடைக்கு எடை இதுதான் மாப்பிள்ளை அதிகம்."

ஐந்தாவது கிண்ணத்தோடு எடைமேடை நிரம்பிவிட்டது. ராட்டினம் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. "நீங்க சுத்துங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்" என்று நிழலில் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பை எதுவும் கொண்டுவரவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. டைல்ஸ்காரரும் ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டார், வேலைத்தளத்துப் பழக்கம். மகள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டாள்.

"வாம்மா, வரிசை நீளமாகிடும்."

"நீங்க போங்க. நான் சாப்பிட்டுட்டு வர்றேன்."

அவள் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வாய், பிறகு வெளியே பார்ப்பது, பிறகு ஒரு வாய். கோழியில் உப்பு குறைச்சல். அவளுக்கு அது பரம திருப்தியாக இருந்தது. இன்னொருத்தர் மறந்த உப்பு. தனக்கு அதில் ஒரு சம்பந்தமும் கிடையாது. யாராவது தட்டோடு வந்து கத்தினாலும் தன்னிடம் கத்தப் போவதில்லை. வெளியே ராட்டினம் மேலே போகும்போது ஜனங்கள் கூச்சலிட்டார்கள், கீழே வரும்போதும் கூச்சலிட்டார்கள். எழுந்து போய் இன்னொரு தரம் வாங்கிவந்து, அதையும் அதே மாதிரி சாப்பிட்டாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கூடம் பாதி காலியாகிவிட்டது.

மேசை துடைக்கிறவள் தள்ளுவண்டியோடு வந்தாள். இவள் வயதுதான் அவளுக்கும் இருக்கும். சாம்பல் நிறச் சீருடை, தலையில் வலைத்தொப்பி.

"எடுக்கலாமாக்கா?"

"எடு, எடு." தட்டைத் தானே தூக்கப்போன கையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சாப்பிட்டியா?"

"கூடம் மூடின பின்னாடிதான். அப்புறம்தான் எங்க நேரம்."

மேசையில் கடைசியாக வாங்கின கேக் துண்டு தொடாமல் இருந்தது. அவள் அதைக் காகிதத்தோடு நகர்த்தினாள். "என்னால முடியல. இதை வச்சுக்கோ. யாரும் பாக்காதப்ப சாப்பிடு."

துடைக்கிறவள் சிரித்தாள். ஒரு பக்கமாகத் திரும்பி இடுப்பைக் காட்டினாள். சீருடையின் இரண்டு பைகளின் வாயும் கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்து மூடப்பட்டிருந்தது.

"எங்கக்கா வச்சுக்கிறது?"

அவள் அந்தத் தையலைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"குனிஞ்சு துடை."

"ம்?"

"இந்தப் பக்கம் அழுக்கா இருக்கு பாரு. நல்லாக் குனிஞ்சு துடை."

துடைக்கிறவள் குனிந்தாள். அவள் கேக்கை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைக் குனிந்தவள் வாயில் வைத்தாள். துடைக்கிறவள் நிமிர்ந்து, துணியைத் தோளில் போட்டு, வண்டியைத் தள்ளினாள். தூணில் இருந்த கேமராவைத் தாண்டும்வரை அவள் தாடை அசையவே இல்லை.