சிங்காரவேல் நேற்று சாப்பிட்டது

சிங்காரவேலுக்குப் பீங்கான் பொம்மைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. கேட்டவுடன் உள்ளதைச் சொல்வது வியாபாரியின் லட்சணமில்லை என்று நினைக்கிற ஜாதி. அப்பேர்ப்பட்டவரிடம், "நேத்து காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டு, வீடு வீடாகச் சாப்பாட்டுக் கணக்கெடுக்கும் பூர்ணிமா வந்து உட்கார்ந்தாள். ஜனங்கள் என்ன தின்கிறார்கள் என்று தெரிந்தால்தான் ரேஷனில், சத்துணவில் எதைக் கூட்டுவது என்று சர்க்கார் முடிவு செய்யுமாம். கையில் டேப்லெட், பையில் அளவுக் கிண்ணங்கள்.

பக்கத்தில் மனைவி செல்வநாயகி. அவருக்குச் சர்க்கரை ஏறியதிலிருந்து அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: வெளியில் கை நனைத்தது தெரிந்தால், கல்லாவில் அவள் உட்காருவாள், அவர் பின்கட்டில் பொம்மைக்கு வைக்கோல் சுற்ற வேண்டியது. பேரம் பேசாவிட்டால் மூச்சு முட்டுகிற மனுஷர் அவர்.

"காலைல ரெண்டு இட்லி. மத்தியானம் இந்தக் கிண்ணத்துல பாதி சாமைச் சோறு. ராத்திரி மோரு."

டேப்லெட் சிவப்பாக மின்னியது.

"இவ்வளவுதான் சாப்ட்டா ஆளு இப்படி நிமிந்து உக்கார முடியாதுன்னு சொல்லுதுங்க."

"ஒரு இட்லி கூட போட்டுக்கம்மா."

"பத்தலீங்க."

"சரி, கிண்ணத்த ரொப்பிக்க. அதுக்கு மேல கட்டாது."

செல்வநாயகிக்கே மனசு இளகிவிட்டது. "பாவம்மா. வேப்பூர்ல லாரிக்கு பார்சல் ஏத்திட்டு எம்மாம் லேட்டா வந்தாரு! வெறும் மோர குடிச்சிட்டுப் படுத்துட்டாரு."

"வேப்பூரா?" பூர்ணிமா பக்கத்துத் திட்டக்குடி மாட்டுத் தரகர் மகள்; வேப்பூர் ரோட்டோரப் பரோட்டாக் கடைகளும் தெரியும், பேரமும் தெரியும். "அப்ப பத்துப் பரோட்டா, சிக்கன் ரெண்டு பிளேட்டுன்னு போட்டுக்கறேன்."

"பத்தா!" எழுந்தே விட்டார். "அநியாயமா இருக்குதே! நாலு!"

"எட்டு."

"நாலுக்கு மேல ஒண்ணு கெடையாது!"

"ஆறு வச்சுக்கலாங்க. சிக்கன விட்டுடறேன்."

"அத ஏன் விடற? சிக்கன் ஒரு பிளேட்டு நெசம்! ஆம்லெட்டு கூட ஒண்ணு. ஆனா பரோட்டா நாலுதான்!"

டேப்லெட் பச்சையானது. ஜெயித்துவிட்ட குஷியில் தொடையைத் தட்டினார். தட்டிய கைக்கு முன்னால் இன்னொரு கை நீண்டிருந்தது, கல்லாச் சாவி கேட்டு.

"செல்வி, ஒரு வாரம்."

கை அப்படியே இருந்தது.

"பத்து நாளு. சரி, ஒரு மாசம், ஞாயித்துக்கெழம மட்டும் எனக்கு..."

"இங்க ஒரே ரேட்டு," என்றாள் செல்வநாயகி.

பூர்ணிமாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிங்காரவேல் சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.