பனிக்கு முந்திய பழம்

நிலம் உறைந்துவிட்டால் கடப்பாரைகூட இறங்காது. சாவோ வெயில் பார்த்து வருவதில்லை. அதனால் அந்த வடகோடி ஊரில், எதற்கும் இருக்கட்டுமென்று, குளிருக்கு முன்பே இரண்டு சவக்குழிகளை வெட்டிவைத்துவிடுவார்கள்.

இலையுதிர்காலத்தின் கடைசி வெயில் அடித்தது. நோயில் துரும்பாய் இளைத்துப்போன கணவன் புரோகோரைத் தாங்கிப் பிடித்து வாசல் பெஞ்சில் உட்காரவைத்தாள் அகாஃபியா. கல்லறை மேட்டிலிருந்து குழிவெட்டும் சவேலியின் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"இந்த வருஷம் சவேலி ஒரு குழிய நீளமா வெட்டுறானாமே? ஊர்லயே நெட்டையன் நான்தான்" என்றான் புரோகோர்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாய்யா? பேசாம வெயில் காயி."

அவன் சிரித்தான். வேலியோரத்து ரோவன் மரம் கொத்துக் கொத்தாய்ச் சிவந்திருந்தது. முதல் பனி பட்டால்தான் அந்தப் பழம் இனிக்கும். அதுவரை யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள். வருடா வருடம் முதல் பனிக்கு மறுநாள் அவனுக்குத்தான் முதல் கொத்து.

அகாஃபியா எழுந்துபோய் ஒரு கொத்தை ஒடித்து வந்தாள். முகத்தைப் பார்க்காமல் அவன் கையில் வைத்தாள்.

புரோகோர் பழத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு வாயில் போட்டு மென்றான். கசப்பில் தாடை இறுகியது.

"இனிக்குதுடி" என்றான்.