அப்பாவைக் கழித்தால்

"நான் சொல்லி முடிச்சுடறேன், அப்புறம் நீ..."

"முடிக்கவே வேண்டாம். கேக் உருகுது, எல்லாரும் வெளியில..."

"அப்பாவைக் கழிச்சுட்டா ஒண்ணுமே இல்லக்கா."

"மெதுவாப் பேசு."

ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவும் தங்கையும் மல்லுக்கு நிற்க, கண்ணாடிக்கு அப்பால் காகிதத் தட்டுகளோடு கூட்டம் காத்திருந்தது. கட்டுரையைப் பத்திரிகை ஏற்றுக்கொண்ட சந்தோஷத்தில் அக்காவே சொல்லிச் செய்யவைத்த கேக் அறைக்குள் மேஜைமேல் இருந்தது. மூளை வடிவம். ரோஜா நிறக் க்ரீமில் மடிப்பு மடிப்பாக, நடுப்பிளவு உட்பட ஒன்றும் பாக்கியில்லை. தினமும் கையுறை மாட்டி அந்த வடிவத்தைத் தொடுகிற தங்கை அதன் பக்கமே திரும்பாமல் நின்றாள்.

அக்கா அங்கே தலைவி. தங்கைக்கு வேலை, மறதி நோயில் இறந்தவர்களின் மூளைச் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று பார்ப்பது. நோயாளிகளின் செல்களில் ஒரு மரபணு மட்டும் வீடு பற்றி எரிகிறாற்போல் அலறியது. அதுதான் கண்டுபிடிப்பு. அதை அடக்க மருந்தும் தயார். அப்பாவைக் கொண்டுபோன நோய் இப்போது அம்மாவிடமும் எட்டிப் பார்க்க, முதுகுத்தண்டில் போடப்போகும் முதல் ஊசி அம்மாவுக்கு என்று அக்கா முடிவு செய்திருந்தாள்.

தங்கை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தானமாக வந்த மூளைகளில் அப்பாவுடையதும் இருந்தது; கணக்கிலிருந்து ஒவ்வொருவராக விலக்கிப் பார்த்தாள். அப்பாவை விலக்கியதும் அலறல் நின்றுவிட்டது. அவர் மூளையிலிருந்துதான் செல்கள் அள்ள அள்ளக் கிடைத்திருந்தன. மற்ற நோயாளிகள் வாயே திறக்கவில்லை.

அதைக் கேட்டு அக்கா சிரித்தாள். "அப்பா இருந்தப்பவும் அப்படித்தானே, பத்துப் பேர் சத்தத்தை ஒரு ஆளாப் போடுவாரு."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஓர் எலியின் மூளையையும் சோதித்திருந்தாள். நோயில்லாத எலி. பனிக்கட்டியில் போடாமல் மேஜையிலேயே விட்டபோது அதே மரபணு அங்கேயும் அலறியது. உயிர் போன பிறகும் சில செல்கள் கொஞ்ச நேரம் பதறிக்கொண்டிருக்கும். குளிரில் வைக்காவிட்டால் இன்னும் பதறும். நோய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்பாவை யார் குளிரில் வைக்காமல் விட்டது? தங்கை திரும்பிச் சுவரைப் பார்த்தாள். சட்டம் போட்டு மாட்டிய படம், தினமும் கண்ணில் பட்டதுதான். மூளையைத் தானமாகக் கொடுத்த அன்று எடுத்தது. இரண்டு பக்கமும் பெரிய விளக்குகள், நடுவில் மூடி திறந்த பெட்டி, பக்கத்தில் அளவாகக் கண் கலங்கிய அக்கா. இன்று கிட்டே போய்ப் பார்த்தாள். பெட்டியில் ஒரு துண்டு பனிக்கட்டி இல்லை. வெறும் தண்ணீரில் அப்பா ஒரு பையில் மிதந்துகொண்டிருந்தார்.

"படம் எடுக்கறவங்க விளக்கோட லேட்டா வந்தாங்க, அதுக்குள்ள ஐஸ் உருகிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?" என்றாள் அக்கா. குரலில் குற்றவுணர்வு இருந்திருந்தால்கூடத் தேவலை. வண்டி தாமதமானதைச் சொல்வதுபோலச் சொன்னாள். கட்டுரை வரட்டும், அப்புறம் மெல்லத் திருத்திக்கொள்ளலாம், ஊசியால் குணமாகாவிட்டாலும் கெடுதல் ஒன்றும் வந்துவிடாது என்று அடுக்கிக்கொண்டே போனாள். பேச்சோடு பேச்சாகக் கத்தியை எடுத்து, ரோஜா மடிப்பில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து நீட்டினாள். விரலில் ஒட்டிய க்ரீமை நக்கிக்கொண்டாள்.

தங்கை தட்டை வாங்கவில்லை. அம்மா தன்னோடுதான் இருக்கிறாள், ஊசிக்குச் சம்மதம் சொல்ல வேண்டியதும் தான்தான், சொல்லப்போவதில்லை என்றாள். கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். ஏன் எடுக்கச் சொன்னாள் என்று பத்திரிகைக்கும் தெரியவரும் என்றாள். அக்கா தட்டை மேஜையில் வைத்தாள். வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டிக் கேமராவைத் தூக்கிக் காட்டினார்கள்.

கதவில் கை வைத்தபடி தங்கை கேட்டாள்.

"அம்மாவுக்கு ஊசி போடற அன்னிக்கும் விளக்குக்காரங்களுக்குச் சொல்லி வச்சிருந்தியாக்கா?"