கடல் எந்தப் பக்கம்?

சங்கரன்கோவிலில் துண்டு, லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் எபினேசரின் மகள் விஜிதா, பாம்பன் தீவில் அரசு நர்ஸாக வேலை பார்த்தாள். போன இடத்திலேயே அவளுக்கு மாப்பிள்ளையும் அமைந்துவிட்டான். பெயர் பிரிட்டோ. படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். அவன் வீட்டு ஆண்களில் மற்ற எல்லாருக்கும் கடல்தான் பிழைப்பு.

விஜிதாவின் அம்மா ஞானபூரணத்துக்கு இதில் இரண்டு குறை. இவர்கள் சி.எஸ்.ஐ., அவர்கள் மாதா கோயில்காரர்கள். அதைப் பாதிரியார்கள் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் கடலை நினைத்தால்தான் பயமாக இருந்தது. குளத்தைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்து வளராதவள் அவள்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் பிரிட்டோவின் அம்மா சகாயமேரி போனில் பேசினாள். பேச்சோடு பேச்சாக ஞானபூரணம், "இங்கன நல்ல மீனே கெடைக்காது மதினி. ஐஸ்ல கெடந்து செத்துப்போய்த்தான் வரும்" என்று சொல்லிவைத்தாள். அதை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சகாயமேரியின் தம்பி சந்தியாகு, சம்பந்தி வீட்டுக்குத் தன் கையால் பிடித்த மீன்தான் போகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டான்.

நிச்சயத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மல்லிகைப்பூவும் பழத்தட்டுமாகத் தெருவே மணத்தது. சந்தியாகு மட்டும் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கடலுக்குப் போனவன், விடியக் கரைசேர்ந்து மீனோடு பின்னால் வருவான் என்றார்கள். தாய்மாமன் வந்தால்தான் மோதிரம் மாற்றுவது.

எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது பிரிட்டோவுக்குப் போன் வந்தது. கூடப் போன படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன. மாமா படகைக் காணோம். காற்று வேறு ஏறியிருக்கிறது. தேடப் போயிருக்கிறார்கள்.

சகாயமேரி அழவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தாள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் யாரும் கேட்காத கேள்வி. பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரர் பிச்சையாதான் முன்னால் வந்து கை நீட்டினார்.

"அந்தா, தண்ணி டேங்க் தெரியுது பாத்தியளா? அதுக்கு நேர் கெழக்க. தூரம் ரொம்பக் கெடக்கு. மாடிக்குப் போங்க, மறைக்காது."

தீவுக்காரர்கள் மாடிக்கு ஏறிக் கிழக்கே பார்த்து முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். கீழே பிச்சையாவின் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது. போன் வந்தால் காதில் விழவேண்டுமே என்று நிறுத்திவிட்டார்.

ஞானபூரணமும் மாடிக்குப் போனாள். ஜெபமாலை சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. மற்றவர்களோடு முழந்தாளிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இயேசு கற்றுத்தந்த ஜெபம் வந்தபோது மட்டும் வாய்விட்டுச் சொன்னாள். அவர்கள் தந்தையே என்ற இடத்தில் இவள் பிதாவே என்றாள். முன்னும் பின்னுமாகப் போய் ஆமெனில் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

முடிந்ததும் சகாயமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும் மதினி. என்னாலதான் அவுக போனாவ."

"நீங்க சொல்லாட்டியும் போயிருப்பான். நாங்க விடிஞ்சதும் கரையில போயி நிப்போம். படகெல்லாம் வந்து சேர்ந்தாத்தான் ஒலை வைக்கிறது. அப்படியே பழகிட்டோம்." சகாயமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "குடிக்கத் தண்ணிகூட லாரிலதான் வருது, அதச் சமாளிச்சுக்கிறோம். கடல்ல எஞ்சின் நின்னாக் கூப்பிட, சின்னப் படகுக்கும் ஒரு வயர்லெஸ் குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கோம். அது ஒன்னுதான் இன்னும் வரல."

"எம்மவ இத எப்படித் தாங்குவா?"

"அவ எங்களோட கரையில நின்னுருக்கா மதினி. வேலைக்கு வந்த புதுசுல, ஒரு வீட்டுல படகு வரலைன்னு கேட்டு ஓடி வந்தா. அந்த வீட்டுப் பொம்பளைக்கு மயக்கம் தெளிய வச்சிட்டு, படகு வர்ற வரைக்கும் கூடவே இருந்தா. அன்னைக்குத்தான் இவள என் வீட்டுக்குக் கேக்கணும்னு நெனச்சேன்."

ஞானபூரணத்துக்கு இது புதிது. மகள் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். பட்டுச்சேலையோடு மாடிச் சுவரோரம் நின்று, கரையிலிருந்த யாரிடமோ விடாமல் போனில் விசாரித்துக்கொண்டிருந்தாள் விஜிதா.

மத்தியானம் அவள்தான் முதலில் கத்தினாள். "கெடச்சிட்டாங்க! அத்தை, மாமா கெடச்சிட்டாங்க!"

எஞ்சின் நின்று அலைந்துகொண்டிருந்த படகை வேறு ஊர்க்காரர்கள் கட்டி இழுத்து வந்து கரைசேர்த்திருந்தார்கள். சந்தியாகு லைனில் வந்தான். அதுவரை அசையாமல் இருந்த சகாயமேரி அவன் குரலைக் கேட்டதும் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

"அக்கா, ஏசினது போதும். எனக்காகக் காத்திருக்காதீக. நிச்சயத்த நடத்துங்க" என்றான் அவன்.

ஞானபூரணம் போனை வாங்கிக்கொண்டாள். "அதெல்லாம் நடக்காது அண்ணாச்சி. குளிச்சி, சாப்ட்டு, மெல்ல வாங்க. எவ்வளவு நேரமானாலும் சரி, நாங்க இருக்கோம்."

கீழேயிருந்து பிச்சையா குரல் கொடுத்தார். "எக்கா, இனி தறிய ஓட்டலாமா?"

"தறி கெடக்கட்டும், சாப்பிட வாங்க!" என்றாள் ஞானபூரணம்.

பொழுது இறங்கும் நேரத்தில் சந்தியாகு பஸ்ஸில் வந்து சேர்ந்தான். வெயிலில் வெந்து கறுத்த முகம், வெடித்த உதடு. வெறுங்கையோடு வந்ததற்குக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றவனை எபினேசர் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனார். இரண்டு கோயில் பாதிரியார்களும் அருகருகே நின்று ஜெபித்தார்கள். பிரிட்டோவும் விஜிதாவும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள்.

வேன் புறப்படும்போது ஞானபூரணம் ஜன்னலோரம் போய் நின்றாள்.

"மதினி, இனிமே படகு வரப் பிந்துச்சின்னா எனக்கும் ஒரு போன் போடுங்க."

"உங்கள எதுக்குக் கலங்கடிக்கணும்?"

"நீங்க மட்டும் அங்கன நிப்பிய, நான் இங்கன தெரியாம சோறு தின்னுட்டு இருக்கவா? எந்நேரம்னாலும் போடுங்க. நானும் நிக்கேன்."

சகாயமேரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள். வேன் மெல்ல நகர்ந்தது.