கதவு மூடிக்கொள்ளும் அறை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, மடிக்கணினியோடு கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்து அறையில் இருக்கும் என் தம்பி ஓர் இரும்புக் கதவைத் தாண்டுவதற்காகக் காத்திருந்தேன். அது அவன் ஆடும் ஆன்லைன் விளையாட்டின் கடைசி அறைக் கதவு. குழுவில் நான்கு பேரும் உள்ளே நுழைந்ததும் அது தானாக மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் மிருகம் சாக வேண்டும், அல்லது நாங்கள் நால்வரும் சாக வேண்டும். அதுவரை யாரும் வெளியே போக முடியாது. அந்த ஒரு விதிக்காகத்தான் மூன்று வாரமாக வேலை முடிந்து வந்து, எலி, நரி என்று அடித்து அடித்து முப்பதாவது லெவலுக்கு ஏறியிருந்தேன்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவள். லென்ஸ் எங்களிடம் முழு வட்டமாகத்தான் வரும். அதன் பார்வை மையம் எங்கே என்று கருவியில் பார்த்துப் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி போடுகிறவரின் கண்மணிக்கு நேரே வரும்படி விளிம்பை அரைத்து பிரேமில் உட்கார வைக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் அவருக்கு நாள் முழுக்கத் தலைவலி, ஏன் என்றும் தெரியாது. முதலாளி வேறு ஊரில் பெரிய பட்டறை திறக்கிறார். ஐந்து இயந்திரம், என் பொறுப்பில். "ஞாயித்துக்கிழம ஆறு மணிக்குள்ள சொல்லிடும்மா, இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்குறேன்" என்றிருந்தார்.

தம்பிக்கு முப்பத்தொரு வயது. பத்தொன்பது மாதமாக அவன் வாசல் கதவைத் தாண்டவில்லை. கூரியர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன், ஒருநாள் மதியமே திரும்பி வந்தான். மறுநாள் போகவில்லை. கேட்டால், "நாளைக்குப் போறேங்கா." அடாவடியான ஆளும் இல்லை. நான் கடைக்குப் போனபின் பாத்திரம் கழுவி வைப்பான், என் துணிகளை எனக்கே வராத ஒழுங்கோடு மடித்து வைப்பான். இந்த ஊர் மாற்றத்தை அவன் கதவுக்கு வெளியே நின்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் "தலை வலிக்குதுக்கா" என்ற பதில், அதன்பின் விசைப்பலகைச் சத்தம். அப்பா அம்மா இல்லாத வீட்டில் வேறு யாரை விட்டுச் சொல்லச் சொல்வது?

எங்களுக்குள் சண்டை என்றால் அது விளையாட்டைப் பற்றித்தான். எனக்குத் தனியாக ஆடும் கதை விளையாட்டுகள் பிடிக்கும். அதில் காலம் நமக்காக நிற்கும். அரசன் மகளைக் கடத்திக்கொண்டு போயிருப்பார்கள், உலகமே அழியப் போவதாக ஒருவர் அலறுவார். நாம் மூன்று வாரம் ஆற்றில் மீன் பிடித்துவிட்டுப் போனாலும் அவர் அங்கேயே நின்று அதையே அலறிக்கொண்டிருப்பார். பெரிய முடிவு வருகிறதா, அதற்கு முன்னால் ஆட்டத்தை அந்த இடத்திலேயே சேமித்து வைத்துக்கொள்ளலாம். தப்பென்றால் திரும்பி வரலாம். இதில் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உயிரூட்டும் மருந்துக் குப்பி கிடைத்தால் குடிக்க மாட்டோம். இன்னும் பெரிய ஆபத்துக்கு ஆகும் என்று சேர்த்து வைப்போம். கதை முடியும்போது பையில் நூறு குப்பி இருக்கும்.

"உன் கேம்ல எல்லாரும் பொம்மக்கா. நீ போய்த் தட்டலன்னா வாயே தொறக்க மாட்டாங்க" என்பான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"உன்னோடதுல எல்லாரும் மனுஷங்க. அதான் ஒன்னுக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியல உன்னால."

அது உண்மை. ஆன்லைனில் நிறுத்தும் பொத்தான் கிடையாது. நீ எழுந்து போனாலும் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும். அதிலும் தம்பி வைத்தியன். குழுவில் ஒருவர் கேடயம் பிடித்து அடியை வாங்குவார், மற்றவர்கள் அடிப்பார்கள், வைத்தியன் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, குறையக் குறைய ஏற்ற வேண்டும். பத்து நொடி அவன் கை நின்றால் கதை முடிந்தது. கணினியை அணைத்துவிட்டு ஓடலாம்தான். ஆனால் ஆட்களை நடுவில் விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை அவன். குழுவில் அவன் பெயர் கம்பவுண்டர். கேடயக்காரரின் பெயர் தகரம். இன்னொருவர் டீச்சர், நிஜமாகவே பள்ளிக்கூட டீச்சர். என்னைத் தெரிந்தவர் என்று மட்டும் சொல்லிச் சேர்த்திருந்தான். எல்லோரையும் அண்ணே, அக்கா என்றே கூப்பிடுவான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கதவு மூடியது.

"தகரண்ணே, நீங்க முன்னாடி. டீச்சர், தூணோரம். அக்கா, என் கண்ணுல படுற தூரத்துலயே நில்லு." அவன் குரல் முதலில் சுவர் வழியாக வந்தது, அரை நொடி கழித்து ஹெட்செட்டில். எங்கோ தூரத்து ஊரில் விளையாட்டை நடத்தும் இயந்திரத்துக்குப் போய்த் திரும்ப அவ்வளவு நேரம் ஆகிறது.

மிருகம் எழுந்தது. அவன் விரல்கள் தட்டத் தொடங்கிய சத்தம் சுவரில் கேட்டது. இப்போது அவனால் எங்கும் போக முடியாது.

"நான் போறேன்டா. வேற ஊருக்கு. ஆறு மணிக்குள்ள சரின்னு சொல்லணும்."

"எங்கம்மா போறீங்க? இப்பத்தான கதவு மூடுச்சு?" என்றார் தகரம்.

அப்போதுதான் உறைத்தது. குழுவில் ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். மூன்று வாரம் திட்டம் போட்டவள், மற்ற இரண்டு பேரைப் பொம்மை என்றே நினைத்திருக்கிறேன்.

பின்வாங்க வழியில்லை. "உங்கிட்டதான்டா சொல்றேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கிட்ட."

தட்டும் சத்தம் தொடர்ந்தது.

"கம்பவுண்டர்," என்றார் டீச்சர் மெதுவாக, "இவங்கதான் உங்க அக்காவா? தனியா இருக்கப் பயப்படுவாங்கன்னு சொன்னீங்களே? அவங்கள விட்டுட்டு வெளிய போக முடியாதுன்னுதான வேலைய விட்டேன்னீங்க?"

சுவரில் சத்தம் நின்றது.

நானும் நகர மறந்து நின்றேன். மிருகத்தின் வால் சுழன்று வந்து என் கோட்டில் பாதியைக் கொண்டுபோனது. பையில் அறுபத்தேழு குப்பிகள். விரல் அந்தப் பொத்தான் மேல்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் குறையட்டும் என்றது பழக்கம். இரண்டாவது சுழற்றலில் செத்து விழுந்தேன். அப்புறம் தகரம். அப்புறம் டீச்சர். பத்து நொடிகூட ஆகவில்லை.

செத்தவர்கள் பேசினால் உயிரோடிருப்பவருக்குக் கேட்காது, அது இந்த விளையாட்டின் விதி. தம்பி மட்டும் மூடிய அறைக்குள் மிருகத்தோடு ஓடிக்கொண்டிருந்தான். மறுபடியும் தட்டும் சத்தம். வைத்தியன் தன் உயிரைத் தானே ஏற்றிக்கொண்டு வெகுநேரம் தாக்குப்பிடிக்கலாம். மிருகத்தைக் கொல்ல முடியாது. அவ்வளவுதான்.

"அஞ்சு அம்பத்தொண்ணு ஆச்சுக்கா." சுவர் சொன்னது, பிறகு ஹெட்செட் சொன்னது.

முதலாளியின் எண்ணைத் திறந்து வைத்த போன் என் முழங்காலருகே கிடந்தது.

"குப்பி எத்தன வச்சிருக்க?"

ஹெட்செட்டில் சொல்லிப் பயனில்லை. சுவரைப் பார்த்துக் கத்தினேன். "அறுபத்தேழு!"

அவன் சிரித்தது இரண்டு முறை கேட்டது. "அத்தனையும் வச்சு என்னக்கா பண்ணப் போற? எழுந்ததும் மொதல்ல ஒண்ணு குடி."

செத்தவர்களில் ஒரே ஒருவரை எழுப்பும் மந்திரம் வைத்தியனிடம் உண்டு. என் திரையில் பெட்டி ஒன்று வந்தது. எழுந்திருக்கச் சம்மதமா? ஆம், இல்லை. அதன் கீழே இருபதிலிருந்து இறங்கும் எண்கள்.

பதினான்கு. பதின்மூன்று. திரையில் அவன் ஓடுவதை நிறுத்திவிட்டு மூடிய கதவருகே நின்றிருந்தான். மிருகம் அவன் பக்கம் திரும்பியது.

ஒன்பதில், சுவருக்கு அந்தப் பக்கம் அவன் எழுந்ததில் கணினி நாற்காலி பின்னால் உருளும் சத்தம் கேட்டது. ஹெட்செட்டில் அது வந்து சேர இன்னும் அரை நொடி இருந்தது.