நீலத்துணி கட்டின மரம்

முப்பத்தொரு வருஷம் காட்டுக்கு எதிரிலேயே குடியிருந்துவிட்டு, ஒரு தடவைகூட உள்ளே கால் வைக்காத மனுஷன் உண்டா? உண்டு, ஹார்ட்முட். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ரோஸ்விதா ஒவ்வொரு ஏப்ரலிலும் பையைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பூண்டு இலை பறிக்கக் கிளம்புவாள். "நீங்களும் வாங்களேன்" என்பாள். "அடுத்த வருஷம் பாப்போம்" என்பார் இவர். போன நவம்பரில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் அரைத்து வைத்திருந்த பச்சை விழுதில் கடைசி பாட்டிலை நேற்றுதான் ரொட்டியில் தடவி, வழித்துத் தின்று முடித்தார். அந்த ருசி இனி இல்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இன்று காலை அவளுடைய பையோடு புறப்பட்டார்.

உள்ளே போனதும் திருதிருவென்று விழித்தார். பீச் என்ற காட்டு மரங்கள் வழவழவென்று சாம்பல் நிறத்தில் நின்றன. துளிர் அப்போதுதான் விட்டிருந்தது, மடித்து வைத்த துணி மாதிரி சுருக்கம் சுருக்கமாக. அடியில் தரையே தெரியாமல் வெள்ளைப் பூக்கள். என்ன பூ என்று யாரிடம் கேட்பது? கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல் இப்போது மரத்தையா கேட்க முடியும்?

ஒரு சரிவில் பச்சைப்பசேலென்று இலைகள். ஒன்றைக் கசக்கி முகர்ந்தார். பூண்டு வாசனை ஆளைத் தூக்கியது. மளமளவென்று பறித்தார். நடுநடுவே கசக்கிப் பார்த்தார், எல்லாம் பூண்டுதான்.

நாயோடு வந்த ஓர் அம்மாள் பையை எட்டிப் பார்த்தாள்.

"இதத் தின்னா நேரா ஆஸ்பத்திரிதான் ஐயா. பாதி மணிப்பூச்செடி, பாக்க பூண்டு இலை மாதிரியே இருக்கும், ஆனா விஷம்."

"மோந்து பாத்துத்தானே பறிச்சேன்?"

"மொத இலையிலயே உங்க கை பூண்டாயிடுச்சு. அப்புறம் செருப்ப மோந்தாலும் பூண்டுதான் அடிக்கும். ஒரே தண்டுல ரெண்டு இலை வந்தா தொடாதீங்க. பூண்டுன்னா ஒவ்வொரு இலைக்கும் தனித் தண்டு."

அவர் பையைத் தரையில் கவிழ்த்தார்.

"அதோ, நீலத்துணி கட்டின மரத்துக்குப் போங்க. அதச் சுத்தி நல்ல பூண்டு மட்டுந்தான். ஒரு அம்மா வருஷா வருஷம் வந்து கட்டுவாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாதாம். என்னைக்காவது தனியா வந்து கண்டதப் பறிச்சுத் தின்னுடுவாருன்னு பயம். இந்த வருஷம் அவங்களக் காணோம்."

ஹார்ட்முட் கிட்டே போனார். வெளுத்துப்போன டிராம் சீருடைச் சட்டையின் கை, பித்தானோடு. எங்கே என் சட்டை என்று எத்தனை நாள் அவளிடம் கத்தியிருப்பார்!

"அவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அந்த அம்மாள்.

"நான்தான் அந்த ஒண்ணும் தெரியாதவன்."

அவள் நாயை இழுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தாள்.

அவர் மண்டியிட்டு, ஒவ்வொரு இலையாகத் தண்டு பார்த்துப் பறிக்க ஆரம்பித்தார். வீட்டில் காட்டுவதற்கு ஆள் இல்லை, அதனால் அவசரமும் இல்லை.