தியேட்டர் பிரிண்ட்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் இருதயராஜ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தன் முகத்தைப் பார்த்தால் பாதருக்குப் பிரசங்கம் மறந்துபோகிறது, அதனால் அவரே வரவேண்டாமென்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார். மேசைமேல், மகள் ஜாஸ்மின் வாங்கிக் கொடுத்த டிரைவ் ஒரு டிஸ்க்கை விழுங்கிவிட்டு உறுமிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. அது மறு ஓரத்தைத் தொட்டால் ஒரு படம் டிஸ்க்கைக் காலி செய்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குக் குடிவந்துவிட்டதாக அர்த்தம். அவர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த காலத்துப் பழைய ஷூ பெட்டிகளில் அடுக்கியிருந்த படங்கள் ஒரு மாதமாக இப்படி வீடு மாறிக்கொண்டிருந்தன.

ஜன்னலோரம், தலையணை வைத்த நாற்காலியில் அவர் மனைவி அமிர்தவள்ளி இருந்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. எல்லாம் புரியும், சொல்லத்தான் வராது என்றார் டாக்டர். பேச்சு போனதை இருதயராஜ் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பேச ஓர் ஆள் போதும், அது தான்தான் என்பது கல்யாணமான முதல் வாரமே முடிவான சங்கதி. அவருக்குத் தாங்க முடியாமல் போனது, சிரிப்பு நின்றதுதான்.

அமிர்தவள்ளியின் சிரிப்பு ஊரில் பேர் வாங்கியது. கிளம்ப மறுக்கும் பழைய மொபெட்டைப் போல முதலில் வெறும் காற்றாக இரண்டு மூன்று உதை வாங்கும். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு பிடித்துக்கொள்ளும். பிடித்தால் நிற்காது. அதைக் கிளப்பத்தான் இருதயராஜ் பொய் சொல்லக் கற்றுக்கொண்டார். அமிர்தி மலைக்காட்டில் கரடிக்குச் செருப்பு அளவெடுத்த கதை, ஜெர்மன்காரன் ஷூ பெட்டியில் பிரியாணியை அடைத்துக் கப்பலேற்றிய கதை. முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல் சொல்லி முடித்துவிட்டுச் சற்று நிறுத்துவார். அந்த இடைவெளி அவளுடையது. இப்போதும் தினம் ஒரு கதை சொல்கிறார், இப்போதும் நிறுத்துகிறார். அப்பாவுக்கு வார்த்தை மறந்துபோகிறது என்று ஜாஸ்மின் மாத்திரை வாங்கி வந்தாள்.

அந்தச் சிரிப்பு எங்கேயும் பதிவாகியிருக்கவில்லை. கல்யாண வீடியோவில் அவள் தலை குனிந்திருந்தாள். செல்போன் வந்தபோது, கேமராவைக் கண்டாலே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு டிஸ்க்.

அந்தக் காலத்தில் படம் வந்த வாரமே ஆம்பூர் பஜாரில் திருட்டு டிஸ்க்கும் வந்துவிடும். ஃபினிஷிங் செக்‌ஷனில் அவரோடு வேலை பார்த்த சர்தார் பாஷாவுக்கு அந்தத் தொழிலிலும் ஒரு கை இருந்தது. பிரியாணி தேக்சாப் பாத்திரத்தில் ஓட்டை போட்டுக் கேமராவை உள்ளே வைத்துக்கொண்டு தியேட்டரில் உட்கார்ந்தான், பசியெடுத்த டிக்கெட் கிழிப்பவன் இடைவேளை வரை பக்கத்திலேயே நின்றான் என்று இருதயராஜ் சொல்வார். கேமரா எதில் இருந்ததோ, பாஷா இருந்தது நிஜம். அவனுக்கு முன் வரிசையில் இருதயராஜும் அமிர்தவள்ளியும் இருந்ததும் நிஜம். படத்தில் ஹீரோவின் அம்மா செத்துக்கொண்டிருந்தாள். தியேட்டரே மூக்கைச் சிந்தியது. இருதயராஜ் மனைவியின் காதில், "இன்னாம்மே, ஹீரோ ரெண்டு கால்லயும் இடது கால் ஷூவே போட்னுகீறான் பாரு" என்றார். உண்மையாகவே அப்படித்தான் போட்டிருந்தான். மொபெட் இரண்டு உதை வாங்கியது, பிடித்தது. அழுதுகொண்டிருந்த தியேட்டர் திரும்பிப் பார்த்தது, பிறகு அதுவும் சிரித்தது. பாஷாவின் கேமரா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

"அந்தப் படம் நெட்ல சும்மாவே கீது நைனா, சுத்தமா, பளிச்சினு" என்றாள் ஜாஸ்மின், பூசை முடிந்து வந்ததும். "எதுக்கு இந்த ஓட்டை டிஸ்க்கெல்லாம் ஏத்தினு கெடக்குற?"

"அதுல ஹீரோவோட அம்மா நிம்மதியா செத்துப்போறா. அது எனக்கு வாணாம்."

"அம்மா சிரிச்சது நெஜமாவே அதுல கீதா? இல்ல, கரடி கதை மாதிரியா?"

அந்தக் கேள்வி நியாயமானது என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

பிரியாணியில் முட்டையைக் கடைசிக்கு ஒதுக்குவதுபோல அந்த டிஸ்க்கை ஒதுக்கி வைத்திருந்தார். மற்ற படங்களில் கை பழகட்டும், இதில் தப்பு வரக்கூடாது. இன்று பெட்டிகள் காலி. பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து அந்த உறையை எடுத்தார். மற்றவையெல்லாம் பஜாரில் கொடுத்த காகித உறையிலும் பிளாஸ்டிக் உறையிலும் கிடந்தபோது, இதற்கு மட்டும் அவரே லெதரில் உறை தைத்திருந்தார். கண்ணாடி மாதிரி முகம் தெரியும் கறுப்பு லெதர், ஏற்றுமதிக்குப் போனதில் வெட்டி விழுந்த துண்டு. சொரசொரப்பான பக்கம் பட்டுக் கீறல் விழக்கூடாதென்று பளபளப்பை உள்பக்கமாக வைத்து, இரட்டைத் தையல் போட்டு, ஓரம் மடித்துத் தைத்தது. ராஜா வீட்டுப் பிள்ளைக்குத் தொட்டில் மாதிரி.

டிஸ்க் வரவில்லை. விரலை விட்டு நெம்பினார். சப்பென்று ஒரு சத்தம் வந்தது, ஈரக் காகிதத்தை உரிப்பதுபோல. கையில் வந்த டிஸ்க் வழியாக ஜாஸ்மினின் புடவைப் பூ தெரிந்தது. ஓரத்தில் நகம் அளவுக்கு வெள்ளி ஒட்டியிருந்தது, மற்றபடி வெறும் கண்ணாடி. உறையைக் கவிழ்த்து விரித்தார். உள்ளே கறுப்பின்மேல் மீன் செதில் மாதிரி வெள்ளி படிந்திருந்தது.

"அடிப்பக்கம் நல்லாத்தான கீது" என்றார். "இத்த தொடச்சிட்டுப் போட்டா?"

"படம் அடிப்பக்கத்துல இல்ல நைனா. பேர் எழுதுறோமே மேல, அந்தப் பூச்சுக்குக் கீழதான். அது வந்துட்ச்சுன்னா அவ்ளோதான்."

இருதயராஜ் உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பளபளப்பு லெதர் வெயில் காலத்தில் எதையும் பிடித்துக்கொள்ளும், நடுவில் டிஷ்யூ பேப்பர் வைக்காமல் அடுக்கவே கூடாது. ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவர் காதிலும் அவர் கத்திய முதல் விஷயம் அதுதான். டிஷ்யூ வைக்காமல் அடுக்கிய ஒருத்தனை, தோலெல்லாம் ஒட்டிக்கொண்டு மாட்டுக்கு மறுபடி உயிர் வந்துவிடும் என்று பயமுறுத்தியிருக்கிறார். காகித உறையில் கிடந்ததெல்லாம் பத்திரமாக வீடு மாறிவிட்டது. ஜாஸ்மின் மறுபக்கம் திரும்பிய நேரத்தில் உறையைக் காதில் வைத்துப் பார்த்தார். லெதர் வாசனை வந்தது.

சர்தார் பாஷாவுக்குப் போன் போட்டார்.

"அரே தோஸ்த், அந்த டிஸ்க்கா? அப்பவே நெறைய காப்பி போட்டனே" என்றான் பாஷா. இருதயராஜ் எழுந்து நின்றுவிட்டார். "எல்லாத்தியும் என் தங்கச்சி வூட்டுக்காரர் அவரு ஊரு கலவைக்குத் தூக்கினு போய்ட்டாரு. கொய்யாத் தோப்புல கிளி தொல்ல ஜாஸ்தி. கயித்துல கட்டித் தொங்க வுட்ருக்காரு."

"இன்னும் தொங்குதா?"

"தொங்குது. வெயில்ல வெளுத்து ஒண்ணுமே இல்ல, அந்தாண்ட பக்கம் தெரியுது. கிளிகூடப் பயப்பட மாட்டேங்குது. அதும்மேலயே குந்திகினு துன்னுது." கொஞ்சம் பொறுத்து, "இன்னா இருதயம், எதுக்குக் கேக்குற?" என்றான்.

"சும்மாதான்" என்று வைத்துவிட்டார்.

ஜாஸ்மின் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, தன் வீட்டில் உலை வைக்கவேண்டுமென்று கிளம்பினாள். வாசலில் நின்று, "வுடு நைனா" என்றாள். அவர் தலையாட்டினார். அவள் தெரு திரும்பியதும், அந்தக் கண்ணாடியை டிரைவில் வைத்து மூடினார். மூடியதும் அது சுற்ற ஆரம்பித்தது. நாற்காலியை அமிர்தவள்ளியின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏ அமிர்தம், கலவைல ஒரே பேஜாராம். பாஷா சொல்றான். அவன் தங்கச்சி வூட்டுக் கொய்யாத் தோப்புல நம்ம படத்தை மரத்துக்கு மரம் தொங்க வுட்ருக்காங்களாம். கிளிங்க தெனம் வந்து குந்திப் பாத்துச்சாம். மொதல்ல எல்லாம் அழுதுச்சாம், ஹீரோவோட அம்மா சாவுறால்ல. அப்புறம் ஒரு கிளி ஷூவைப் பாத்துட்ச்சாம். இப்ப கொய்யாக்கா பறிக்க எவனும் தோப்புக்குள்ள போறதில்ல. போனா, மரத்து மேலருந்து மொத்தக் கிளியும் உன்ன மாதிரியே சிரிக்குதாம். தாசில்தார் வந்து விசாரிச்சாராம். இது யாரு சிரிப்புன்னு கேட்டாராம். ஆம்பூர்ல எங்க அண்ணியோடதுன்னு பாஷா தங்கச்சி சொல்லிட்டாளாம். உனக்கு நோட்டீஸ் வருதாம்."

அமிர்தவள்ளி அவரைப் பார்த்தாள். இடது கை மடிமேல் இருந்த துண்டை ஒருமுறை பிடித்தது, விட்டது. முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல் இருதயராஜ் நிறுத்தினார், வழக்கமாக நிறுத்துகிற இடத்தில்.

மேசைமேல் டிரைவ் சுற்றியது. எதையோ தேடுவதுபோல உறுமி, இரண்டு முறை டக் டக்கென்று தட்டி, மூச்சு வாங்கி நின்றது. பிறகு தானாகவே மறுபடி சுற்ற ஆரம்பித்தது.